கீறல் விழுந்த ஆத்தா பாட்டு

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தன் என் வீடு தேடி வந்தான். கல்யாண மண்டபங்களிலும் ஓட்டல்களிலும் பாட்டுப் போடுகிற டிஜேயாம். கையில் ஏழெட்டு வளையம், காதில் ஒன்று. என்னிடம் மிச்சம் இருக்கிற பழைய ரெக்கார்டுகளை விலைக்குக் கேட்டான். நான் தரவில்லை. அவன் போகவில்லை. காப்பி குடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

“அங்கிள், ரெக்கார்டுல ஒரு உயிர் இருக்கு. சீடில அது இல்ல. நீங்க ரெண்டுலயும் போட்டிருக்கீங்க. கூட்டத்துக்கு முன்னாடி போட எது சரி?”

“உயிராவது மண்ணாவது. ரெண்டும் பிளாஸ்டிக்குதான் தம்பி. ஒண்ணுல ஊசி ஓடுது, ஒண்ணுல வெளிச்சம் ஓடுது” என்றேன்.

நான் ஏதோ பெரிய தத்துவம் சொல்லிவிட்ட மாதிரி தலையை ஆட்டினான். எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், எங்கள் ஆட்கள் படிப்பார்கள் என்றான். எழுதுகிறேன். ஆனால் அவன் எதிர்பார்க்கிற மாதிரி, ரெக்கார்டு சத்தம் தேன், சீடி சத்தம் தகரம் என்று எழுத மாட்டேன். அது பொய். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் வேலை பார்த்தேன். ஒரு நாள் ஒரு பொம்பளையின் பிழைப்பே அந்த இரண்டில் எது என்பதில் போய் நின்றது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கன்னிவாடிப் பக்கம். விவசாயக் குடும்பம். படிப்பு வரவில்லை, மண்ணும் வரவில்லை. திண்டுக்கல்லில் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். முதல் சில வருடம் ஒயர் சுற்றினேன், ஒலிபெருக்கிக் குழாய் தூக்கினேன், மரம் ஏறினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாரும் செய்ததுதான்.

கடைக்கு முதலாளி லூர்தக்கா. புருஷன் ஆரம்பித்த கடை. அவர் இறந்தபிறகு விற்றுவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் விற்கவில்லை. தடித்த உடம்பு, வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போவாள், மத்தியானம் மாரியம்மன் கோயிலுக்குக் குழாய் கட்டக் கிளம்புவாள். இரண்டுக்கும் அதே முகம்தான். கிராமங்களில் மைக் செட்டையே ரேடியோ என்பார்கள்; அவளுக்கு ரேடியோக்காரம்மா என்று பெயர், எனக்கு வெறும் ரேடியோ.

அவள் மிஷினைத் தொட மாட்டாள். செட்டுக்குப் பக்கத்திலும் நிற்க மாட்டாள். மற்ற கடை முதலாளிகள் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் குழாய் கட்டி முடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு வரப்பு மேல் நடக்க ஆரம்பித்துவிடுவாள். கிணற்றுமேடு, களத்துமேடு, தென்னந்தோப்பு என்று எங்கே மனுசர்கள் வேலை செய்கிறார்களோ அங்கே போய் நிற்பாள். “பாட்டு குழாய்க்குக் கீழ நிக்கிறவனுக்கு இல்லலே. அவனுக்குக் காது போயிரும், அம்புட்டுதான். அங்க களை எடுக்கிறவளுக்கு விளங்கணும்” என்பாள்.

அங்கிருந்து குடையால் எனக்குச் சைகை வரும். மடக்கிய குடை மேலே போனால் சத்தம் கூட்டு. கீழே இறங்கினால் குறை. பக்கவாட்டில் ஆட்டினால் குழாயைத் திருப்பு. குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துவிட்டால், சரியாக இருக்கிறது, கை வைக்காதே என்று அர்த்தம். அவ்வளவு தூரத்தில் ஒரு பொட்டு மாதிரி தெரிவாள். ஆனால் ஒரு தடவை கூட எனக்குச் சைகை தப்பியதில்லை. ஊசி தேய்ந்தால் எனக்குத் தெரியும் முன்னே அவளுக்கு அங்கே தெரிந்துவிடும். எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. கோபமாகக்கூட வரும். பக்கத்தில் நிற்பவன் நான், காது என்னவோ அவளுக்கு.

ரெக்கார்டு போடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். தட்டை விளிம்பில் பிடிக்க வேண்டும். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, கோடு ஓடுகிற வட்டத்திலேயே துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் லூர்தக்கா கையில் அடிப்பாள். பிளேயரை மணல் மூட்டை மேல் வைக்க வேண்டும். இல்லையென்றால் உறுமி மேளச் சத்தத்தில் ஊசி குதிக்கும். ஊசி மாட்டிய கையின் தலையில் ஒரு சில்லறைக் காசை ஒட்டுவோம், பாரத்துக்கு. பாட்டு சரியான இடத்தில் பிடிக்க வேண்டுமென்றால் தட்டுக்கு அடியில் ஒரு வழவழப்பான நோட்டீஸ் தாளை வைத்து, அடித்தட்டு சுற்றும்போதே மேல்தட்டை விரலால் பிடித்து நிறுத்தி, நேரம் வந்ததும் விட வேண்டும். அந்தக் கோயம்புத்தூர்காரனும் அதையேதான் செய்கிறானாம். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னான்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் லூர்தக்கா ஒரு சீடி பிளேயர் வாங்கினாள். அதற்குள் ஊர் முழுக்க கேசட் வந்து, எங்களைத் தவிர எல்லாரும் ரெக்கார்டை மூட்டை கட்டிவிட்டார்கள். கேசட் அவளுக்குப் பிடிக்காது. “நாடா நனைஞ்ச துணி மாதிரிப் பாடுது” என்பாள். சீடியை மட்டும் கடையில் உட்கார்ந்து கேட்டாள். பொத்தானை அழுத்தினேன். நான் காத்திருந்தேன்.

ரெக்கார்டில் பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம் வரும். சர்ர் என்று, எண்ணெய் காய்கிற மாதிரி. அந்தச் சத்தத்திலேயே ஊர் நிமிர்ந்துவிடும், பாட்டு வருகிறது என்று. சீடியில் அது இல்லை. ஒன்றுமே இல்லை. மிஷின் ஓடுகிறது, குழாய் உயிரோடு இருக்கிறது, ஆனால் உள்ளே சுத்தமான வெறுமை. பிறகு அந்த வெறுமையிலிருந்து திடீரென்று ஒரு வீணை. என் கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது. வீணையால் அல்ல, அதற்கு முன்னால் இருந்த வெறுமையால். அத்தனை வருடம் நான் சத்தத்தோடு இருந்திருக்கிறேன், சத்தமில்லாமை எப்படி இருக்கும் என்று கேட்டதே இல்லை. லூர்தக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். சீடியைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு அதனால்தான் கோபம் வருகிறது. அது பெரிய பொருள்.

இனி மருதாயி விஷயம்.

சாணார்பட்டிக்குக் கிழக்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் நாங்கள்தான் செட். கடைசி நாள் சாயங்காலம் பூக்குழி இறங்குவார்கள். தணலில் நடப்பது. அதில் அந்த ஊருக்கு மட்டும் ஒரு பழக்கம். எங்கள் ரெக்கார்டு ஒன்றில் ஒரு பக்கம் முழுக்க ஒரே ஆத்தா பாட்டு. ஊர்க் கிணற்றடியிலிருந்து கரகம் கிளம்பும்போது அதைப் போட வேண்டும். பாட்டு ஓடுகிற வரைக்கும்தான் குழி திறந்திருக்கிறது. பாட்டு முடிந்தால் ஆத்தா எழுந்து போய்விட்டாள், குழி மூடிவிட்டது. அதற்குள் இறங்காதவர்கள் அடுத்த வருடம்தான். ரேடியோ வருவதற்கு முன்னால் ஒரு பூசாரி பாடுவாராம், அவர் மூச்சு இருக்கும்வரை குழி. அந்த இடத்தில் எங்கள் தட்டை வைத்துவிட்டார்கள்.

மருதாயி அந்த ஊர்க்காரி. மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தாள். அவள் புருஷன் தோட்டத்துக் கிணற்றில் கால் தவறி விழுந்து செத்துப்போனான். அவன் தம்பி காசி, கோயில் கமிட்டியில் ஓர் ஆள். “எங்கண்ணன் விழுந்தப்ப அவ பக்கத்துலயே நின்னுக்கிட்டு கத்தாம இருந்திருக்கா” என்று ஊரில் பேச்சைக் கிளப்பிவிட்டான். அவனுக்கு வேண்டியது கிணறு. நாட்டாமை என்ன செய்தார்? அவர் நல்ல மனுசன்தான், ஆனால் எதையும் தன் வாயால் சொல்லப் பயப்படுகிறவர். ஆத்தாளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். மருதாயி பூக்குழி இறங்கிக் கரையேறினால் அவள்மேல் குற்றமில்லை. அதுவரை கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. ஒரு பொம்பளையின் தண்ணீரை இப்படிக் கட்டி வைக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், பூ மார்க்கெட் முடிந்து வெறும் கூடையோடு அவள் எங்கள் கடைக்கு வந்தாள். அதற்கு முன் அவளிடம் நாங்கள் பேசியதில்லை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பெயரையும் விஷயத்தையும் சொன்னாள்.

“ஒவ்வொரு வருசமும் காப்புக் கட்டுறேன். ஒவ்வொரு வருசமும் காசி என்னய வரிசையில கடைசியா நிப்பாட்டுறான். என் முறை வாரதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருது.”

லூர்தக்கா கணக்கு நோட்டை மூடி வைத்தாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. புதுசா சீடின்னு ஒண்ணு வந்திருக்காமே. அதுல போட்டா பாட்டு ரொம்ப நேரம் ஓடுமா, ரெக்கார்டுல போட்டா ரொம்ப நேரம் ஓடுமா?”

நான் சிரித்துவிட்டேன். லூர்தக்கா திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

“ரெண்டுலயும் ஒரே பாட்டுதான் மருதாயி. பாட்டு அளவுதான் ஓடும்.”

“கூட ஒரு செத்த நேரம்?”

“ஓடாது.”

“பூவுக்குத் தண்ணி இல்லக்கா. குடத்துல தூக்கி எத்தன செடிக்கு ஊத்துறது?” என்று சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு தைத்திருக்காது.

திருவிழாவுக்குச் செட் கட்டப் போனோம். குழாய் ஏற்றி முடிக்கவில்லை, காசி வந்தான். வெள்ளை வேட்டி, கையில் புது சீடி, கண்ணாடிப் பெட்டியோடு.

“ஏய் ரேடியோ, இந்த வருசம் பூக்குழிக்கு இதுதான். அதே பாட்டு, சுத்தமா இருக்கு. உங்க ஓட்டைத் தட்டு அங்கங்க சிக்குது.”

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. எங்கள் தட்டில் ஒரு கீறல் உண்டு. பல வருடத்துக்கு முன்னால் அதே கோயில் வாசலில் சிதறுகாய் உடைத்தபோது ஒரு தேங்காய்ச் சில்லு தெறித்து, ஓடிக்கொண்டிருந்த தட்டில் விழுந்தது. அன்றிலிருந்து ‘மலையிறங்கி வந்தேனடி மகளே’ என்ற வரியின் முடிவில் ஊசி சிக்கி, சில சுற்று பின்னால் துள்ளும். அந்த வரியை மூன்று தடவை பாடிவிட்டு, காசு பாரத்தில் தானாகத் தாண்டிப் போய்விடும். நாங்களும் பழகிவிட்டோம். வேறு தட்டு கிடைக்கவில்லை.

காசிக்கு அந்தச் சிக்கல்கூட வேண்டாம். அவனுக்குப் பாட்டு அளந்து வைத்த மாதிரி முடிய வேண்டும். அதற்குச் சீடிதான் தோது. கமிட்டியும் சரி என்றது, பக்கத்து ஊரில் சீடி போட்டார்களாம், நாம் என்ன குறைச்சலா என்று. முளைப்பாரி அன்றைக்குக் காலையில் ஒத்திகையாக அதைப் போட்டோம்.

சும்மா சொல்லக் கூடாது, குழாயில் அந்தச் சீடி கேட்ட மாதிரி நான் எதையும் கேட்டதில்லை. பாடுகிற அம்மாள் மூச்சு இழுப்பது சிறுமலைவரைக்கும் கேட்டிருக்கும். பொம்பளைகள் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி தட்டிக்கொண்டே கூடப் பாடினார்கள். அந்த வரி வந்தது. ஊரே பாடியது. சீடி அடுத்த வரிக்குப் போனது. ஊர் போகவில்லை. இரண்டாவது தடவை அதே வரியை எடுத்தது. தட்டப் போன கைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. கும்மி சிதறிப்போனது. ஒருத்தி இன்னொருத்தி மேல் மோதினாள்.

கும்மிக்குத் தலைவி ராக்கம்மா. நேராக செட்டுக்கு வந்தாள்.

“ஏலே, என்னலே போட்ட? ஆத்தா மூணு தடவ சொல்லணும்ல. ஒத்த தடவ சொல்லிட்டு எங்க ஓடுறா?”

“பாட்டுல ஒத்த தடவதான் இருக்கு. மூணு தடவ வந்தது நம்ம தட்டுல இருந்த கீறல். தேங்காச் சில்லு பட்டது” என்றேன்.

“ஒன் வாயில படும் சில்லு! எம் பொண்ணு கல்யாணத்துக்கு மூணு தடவ சொன்னா. எம் பேத்தி காதுகுத்துக்கு மூணு தடவ சொன்னா. மகளே, மகளேன்னு மூணு தடவ கூப்புட்டாத்தான் பொண்ணு வருவா. இவன் சொல்றான் கீறலாம்!”

சுற்றி நின்ற பொம்பளைகள் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். நாட்டாமை வந்தார். காசி சீடிதான் அசல் என்று வாதாடினான்.

“அசலோ நகலோ, ஊரு படிக்கிறதுதான் பாட்டு. ஒரு அடி கொறஞ்சா ஆத்தாளுக்குக் கொறை. ரேடியோ, பழைய தட்டையே போடு” என்றார் நாட்டாமை.

“அதுல நேரம்...” என்று ஆரம்பித்தான் காசி.

“நேரத்துக்கு என்ன?”

காசி சீடியை என்னிடமே விட்டுவிட்டு நகர்ந்தான். எதற்கு நேரம் பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் மருதாயி பெயர் வெளியே வந்துவிடும்.

பூக்குழி நாள் வந்தது. மத்தியானம் நான் குழிக்கு எட்டத்தில், வேப்பமர நிழலில் செட்டை வைத்தேன். தணல் பக்கம் வைத்தால் தட்டு வளைந்துவிடும். மேலே ஈரச் சாக்கைப் பந்தல் மாதிரிக் கட்டினேன். அப்போது மஞ்சள் துணி கட்டிய வெளியூர்க்காரர் ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார். பேச்சில் பழனிப் பக்கம் என்று தெரிந்தது.

“ஏனுங்க, இந்தப் பாட்டு எவ்வளவு நேரமுங்க ஓடும்?”

“எதுக்குக் கேக்குறீங்க?”

“இல்லீங்க, காசி மாப்ளே எங்களையெல்லாம் காப்புக் கட்டி வரச் சொன்னாருங்க. அவசரப்படாம, கும்பிட்டுக் கும்பிட்டு மெதுவா எறங்கச் சொன்னாருங்க. அதான், தணலு ஆறிப்போகாதான்னு கேட்டேன்.”

பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் எட்டிப் பார்த்தேன். வரிசை கோயிலைச் சுற்றிப் போய் அடுத்த தெருவில் முடிந்தது. அந்த ஊரில் அவ்வளவு பெரிய வரிசையை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் மருதாயி, தலையில் மல்லிகைச் சரம், கைகளைக் கூப்பியபடி.

லூர்தக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அக்கா, சுத்துற வேகத்தக் கொஞ்சம் குறைச்சிரவா?”

“வேணாம். இந்த ஊருக்கே பாட்டு மனப்பாடம். குரல் தடிச்சா உடனே கண்டுபிடிச்சிருவாங்க. அப்புறம் அவ ஏமாத்துனான்னு ஆயிரும்.”

“அப்ப அவள என்ன செய்யச் சொல்றீங்க?”

“ஒழுங்கா போடுலே. நம்ம வேல அதான்.” குடையை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்துவிட்டாள். எனக்கு அவள்மேலும் கோபம். போய் மருதாயியின் தோட்டத்துக் கிணற்றுமேட்டிலேயே ஏறி நின்றாள். அங்கிருந்து பார்த்தால் குழியும் தெரியும், வரிசையும் முழுக்கத் தெரியும்.

கரகம் கிளம்பியது. ஊசியை வைத்தேன். பக்கத்தில் சீடி பிளேயரிலும் அதே பாட்டைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டேன். தட்டு ஏதாவது மக்கர் பண்ணினால் சீடிக்கு மாற்றிவிடலாம் என்று.

பூசாரி முதலில் இறங்கினார். பிறகு வரிசை. காசியின் ஆட்கள் சொன்னபடியே செய்தார்கள். குழிக்கு முன்னால் நின்று கும்பிட்டு, கோபுரத்தைப் பார்த்து, வேட்டியை இழுத்துக் கட்டி, பிறகு இறங்கினார்கள். தணலில் மட்டும்தான் வேகமாக நடந்தார்கள். பாட்டு பாதியைத் தாண்டியது. வரிசை பாதியைத் தாண்டவில்லை. காசி பந்தல் கால் பக்கம் கைகட்டி நின்றான். அவன் குழியைப் பார்க்கவில்லை, என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி நடுவை நோக்கி நகர்வதை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.

அந்த வரி வந்தது. மலையிறங்கி வந்தேனடி மகளே. ஊர் பாடியது. சிக்கியது. மலையிறங்கி வந்தேனடி மகளே. மறுபடியும் சிக்கியது. மூன்றாவது. ஊர் அடுத்த வரிக்கு வாயைத் திறந்தது.

ஊசி தாண்டவில்லை.

மலையிறங்கி வந்தேனடி மகளே.

எப்போதும் மூன்றில் தாண்டுகிற ஊசி அன்றைக்கு ஏன் தாண்டவில்லை என்று எனக்குத் தெரியாது. ஊசி தேய்ந்திருக்கலாம். சூட்டில் தட்டு இழையளவு தூக்கியிருக்கலாம். நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை, இன்றைக்கும் இல்லை. சிக்கினால் செய்ய வேண்டியது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விரல் நுனியால் ஊசிக் கையின் தலையில் லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான். என் விரல் அதன்மேல் போய்விட்டது. பழக்கத்தில் கிணற்றுமேட்டைப் பார்த்தேன்.

குடை விரிந்திருந்தது. தலைக்கு மேல், அசையாமல்.

விரலை எடுத்துவிட்டேன்.

ஐந்தாவது தடவை, ஆறாவது தடவை. ஊர் திகைத்துப்போய் நின்றது. உறுமி அடிப்பவர் கையை நிறுத்திவிட்டார். பாடுகிற அம்மாளின் குரல் மட்டும் மகளே, மகளே என்று காட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ராக்கம்மா குலவை போட்டாள். ஒரு குலவை, இரண்டு, பிறகு எல்லாப் பொம்பளைகளும். குலவை ஓய்ந்ததும் அவளே அந்த வரியை எடுத்தாள். தட்டோடு சேர்ந்து ஊரும் அதே வரியைப் பாட ஆரம்பித்தது. உறுமியும் சேர்ந்துகொண்டது.

காசி ஓடிவந்தான். “தட்டுடா! சிக்கிருச்சு, தட்டிவிடு!”

“கையக் கிட்ட கொண்டுவந்தா ஒடச்சிருவேன்” என்றேன். அப்படியேதான் சொன்னேன்.

“நாட்டாமை! பாட்டு நின்னுருச்சு! குழிய மூடுங்க!”

நாட்டாமை குழாயை அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர். “எங்கடா நின்னுச்சு? ஒனக்குக் காது கேக்கலயா? கூப்புட்டுக்கிட்டே இருக்கால்ல.”

காசியின் ஆட்களுக்கு அதற்குமேல் மெதுவாக இறங்க மனசு வரவில்லை. அவர்களும் காப்புக் கட்டிய மனுசர்கள்தானே. அந்தப் பழனிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினார். ஒருவர் பின் ஒருவராகத் தணலில் இறங்கினார்கள். எல்லாரும் அந்த ஒற்றை வரியிலேயே நடந்தார்கள். நான் என் வாழ்க்கையில் எவ்வளவோ பாட்டுப் போட்டிருக்கிறேன். ஒரே வரியை ஓர் ஊர் முழுக்க மூச்சு மாதிரி இழுத்து இழுத்து விடுவதை அன்றைக்கு மட்டும்தான் கேட்டேன். சிறுமலைப் பக்கமிருந்து அது திரும்பியும் வந்தது, யாரோ அங்கேயும் நின்று கூப்பிடுகிற மாதிரி. மிஷின்காரன் நான், அது வெறும் கீறல் என்று தெரிந்தவன் நான், நானும் கூடப் பாடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். ஹெட்போன் மாட்டியிருந்த காதில் சத்தமே இல்லை. சீடி பாட்டை முழுக்கப் பாடி முடித்துவிட்டு நின்றிருந்தது. அந்தச் சுத்தமான வெறுமை. வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். மருதாயி இன்னும் குழி முகத்துக்கே வரவில்லை. சீடியைப் போட்டிருந்தால், ஏன், அந்த ஊசியை நான் ஒரு தட்டு தட்டியிருந்தாலே, குழியை மூடியிருப்பார்கள்.

மருதாயி வந்தாள். கும்பிட்டு நிற்கவில்லை, கோபுரத்தைப் பார்க்கவில்லை. வந்த நடையிலேயே இறங்கினாள். தோட்டத்தில் பூப்பறிக்க நடக்கிற மாதிரி, ஓடாமல், பதறாமல் நடந்தாள். மகளே என்றது குழாய். அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் கால் வைத்தாள்.

அதற்குப் பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இறங்க ஆள் இல்லை. ஊசியை எடுக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. நாட்டாமை பூசாரியைப் பார்த்தார், பூசாரி என்னைப் பார்த்தார், நான் கிணற்றுமேட்டைப் பார்த்தேன். குடை விரிந்தபடியே இருந்தது. மருதாயி ஈரக்காலோடு வேப்பமரத்தடிக்கு வந்தாள். தட்டு சுற்றுவதையும் ஊசி ஒரே இடத்துக்குத் திரும்பித் திரும்பி வருவதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“போதும்ணே. எடுத்துருங்க.”

எடுத்தேன்.

செட்டை அவிழ்க்கும்போது லூர்தக்கா வந்து சேர்ந்தாள். “அக்கா, தட்டுனா பாட்டு பத்தாதுன்னு தெரிஞ்சுதான விரிச்சீங்க?” என்று கேட்டேன்.

“வெயிலடிச்சுச்சு, விரிச்சேன்.”

“சூரியன் அப்பவே மரத்துக்குப் பின்னால போயிருச்சேக்கா.”

“அப்ப மழை வரும்னு விரிச்சேன். ஒயரச் சுத்துலே.”

நாட்டாமை அந்த இடத்திலேயே ஊரைக் கூட்டி, கிணறு மருதாயிக்கு, இனி யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொன்னார். வாயைத் திறந்து அவர் சொன்ன முதல் தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும். காசி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

எங்கள் வண்டி தோட்டத்துப் பாதை வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். வெளிச்சம் இன்னும் இருந்தது. கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மருதாயி வாய்க்காலுக்குள் இரண்டு காலையும் வைத்து நின்றிருந்தாள். தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு மல்லிகைப் பாத்திக்குள் போனது. நாங்கள் போவது அவளுக்குத் தெரிந்திருக்கும், நிமிரவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வண்டியை மெதுவாக்கச் சொன்னேன்.

“நிப்பாட்டாத, போ” என்றாள் லூர்தக்கா.